வயலினிலிருந்து பேட்டனுக்கு: முப்பது வயதுக்கு மேல் கண்டக்டராக மாறுவது எப்படி?

நான்காம்தந்தி:

ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் வரிசையில் சில ஆண்டுகள் வாசித்தவர், முப்பதைத் தாண்டிய பிறகு கண்டக்டிங் (பேட்டன் என்ற சிறு கோலைப் பிடித்து ஆர்கெஸ்ட்ராவை நடத்துவது) பக்கம் வர வேண்டுமென்றால் நடைமுறையில் என்ன வழி? யாப் வான் ஸ்வெடன், நெவில் மாரினர், சகாரி ஓராமோ என்று வயலினிலிருந்து கண்டக்டரான முன்னோடிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதுபவர்கள் "அன்று கண்டக்டர் வரவில்லை, இவர் மேடையேறினார்" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன் என்ன படித்தார்கள், எந்த வரிசையில் படித்தார்கள் என்று தேடினால் கிடைப்பதில்லை.

மூன்று சந்தேகங்கள்:

சிறு குழுவை நடத்தும்போது வேகமான பகுதிகளில் டெம்போ (வாசிப்பின் வேகம்) தளர்ந்துகொண்டே போகிறது. நிமிடத்துக்கு 132 பீட்டில் தொடங்கினால் இருபது பார்களுக்குள் (தாளச் சுற்றுகளுக்குள்) 124க்கு வந்துவிடுகிறது. வாசிப்பவர்கள் எல்லாரும் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள். அப்படியானால் தவறு கையில்தான் இருக்க வேண்டும். எங்கே?

வயலினைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியிலிருந்து குழுவை நடத்துவது கண்டக்டிங்குக்கு நல்ல படிக்கட்டா, அல்லது கெட்ட பழக்கங்களை வளர்த்துவிடுமா?

ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் இசைப்பிரதி) படிப்பில் எங்கே தொடங்குவது? ஒற்றை வரியையே படித்துப் பழகிய கண்ணுக்கு இருபது வரிகள் மலைப்பாக இருக்கின்றன.

மரக்காற்று:

டெம்போ தளர்வது காதிலிருந்து தொடங்குகிறது. வயலின் வாசிப்பவர் தன் வில் கம்பியைத் தொட்ட கணத்திலேயே ஒலியைக் கேட்கிறார். கைக்கும் ஒலிக்கும் இடையே இடைவெளி கிடையாது. மேடையில் நிற்கும்போதோ ஒலி எப்போதும் கைக்குப் பின்னால்தான் வரும். முதல் காரணம் தூரம்: காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, 15 மீட்டர் பின்னால் இருக்கும் டிம்பனி முரசின் ஒலி உங்களை அடைய ஏறத்தாழ 44 மில்லிநொடி. நிமிடத்துக்குக் கால் நோட்டு 120 என்ற வேகத்தில் ஒரு பதினாறாம் நோட்டு 125 மில்லிநொடிதான். ஆக, அதில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. இரண்டாவது காரணம் பழக்கம். பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் பல, பீட்டின் புள்ளியைப் பார்த்த பிறகே ஒலியைத் தருகின்றன. மெதுவான பகுதிகளில் இது கண்ணுக்கே தெரியும்.

வயலின் காது இந்த இடைவெளியைப் பிழை என்று நினைத்துக்கொள்கிறது. "இன்னும் ஒலி வரவில்லை" என்று கை ஒரு இழை காத்திருக்கிறது. குழு அந்தக் காத்திருப்பைப் பார்த்து இன்னொரு இழை தளர்கிறது. நீங்கள் சொல்லும் 132லிருந்து 124 என்ற சரிவு அப்படி வருவதுதான். இதற்கு வேகமாக அடித்து முந்துவது தீர்வாகாது; அப்படிச் செய்தால் குழு உங்கள் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு கான்சர்ட்மாஸ்டரின் (முதல் வயலின்களின் தலைவர்) வில்லைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

திருத்தும் முறை இது. முதலில் பாடலை மனதுக்குள் அடுத்த பீட்டில் பாடிக்கொண்டு, கையை இந்தப் பீட்டில் வைக்கப் பழக வேண்டும். இதற்குத் தனிமையில் செய்யும் பயிற்சி: மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) பாருக்கு ஒருமுறை மட்டும் ஒலிக்கும்படி வைத்து, நான்கு பீட் வடிவத்தை அடியுங்கள். பிறகு இரண்டு பாருக்கு ஒருமுறை, அடுத்து நான்கு பாருக்கு ஒருமுறை. நான்காவது பாரின் முடிவில் கை மெட்ரோனோமுக்குப் பிந்தினால் எந்தப் பீட்டில் தளர்கிறது என்று பாருங்கள். வயலின்காரர்களிடம் பெரும்பாலும் அது மூன்றாம் பீட்டாக இருக்கும். கை உடலிலிருந்து வெளியே போகும் திசை கீழ்வில் (பிடியிலிருந்து நுனி நோக்கி) இழுக்கும் திசையோடு ஒத்துப்போவதால், வில்லை முழுநீளம் இழுப்பதுபோல் அங்கே கை நீண்டுவிடுகிறது. மூன்றாம் பீட்டின் அகலத்தைப் பாதியாகக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பேட்டனிலும் ஒன்று கவனிக்க வேண்டும். வில்லில் எடை கொடுக்க ஆள்காட்டி விரலால் அழுத்துவோம் அல்லவா, அதே அழுத்தம் பேட்டனில் வந்தால் அதன் முனை இடப்பக்கம் திரும்பிவிடும். அப்போது வலப்பக்கம் இருக்கும் செல்லோக்களுக்கும் பேஸுகளுக்கும் முனை தெரியாது, மணிக்கட்டுதான் தெரியும். 35 செ.மீ. அளவில் லேசான பேட்டன், தக்கைப் பிடி உள்ளங்கைக்குள் அடங்கும்படி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டும் தாங்கினால் போதும்.

அடுத்தது தயாரிப்புப் பீட், அதாவது இசை தொடங்குவதற்கு முன் காட்டும் அடி. வேகம், அளவு, தாக்கு என்ற மூன்றும் அந்த ஒற்றை அசைவுக்குள் இருக்க வேண்டும். கான்சர்ட்மாஸ்டராக இருந்தவர்கள் மூக்கால் மூச்சை இழுத்து, வயலினின் சுருளை உயர்த்தித் தொடக்கம் காட்டியவர்கள். வயலின் கையில் இல்லாதபோதும் அந்தத் தலையசைவு மட்டும் மிஞ்சிவிடுகிறது. தலை ஒரு பீட் சொல்கிறது, கை இன்னொன்று சொல்கிறது. ஓபோவும் ஹார்னும் எதை நம்புவது? அதோடு மூக்கால் இழுக்கும் வேகமான மூச்சு, ஊதுபவர்களுக்குத் தேவைப்படும் மூச்சைவிடக் குறுகியது. வாயைத் திறந்து, தயாரிப்புப் பீட்டின் முழு நீளத்துக்கும் மூச்சை இழுங்கள். முதல் ஸ்வரத்தில் உட்விண்டுகள் (ஓபோ, கிளாரினெட் போன்றவை) சிதறுவது பெரும்பாலும் இதோடு நின்றுவிடும்.

இதையெல்லாம் சோதிக்க பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனித் தொடக்கத்தைவிடக் கடுமையான இடம் இல்லை. 2/4, பாருக்கு ஒரே அடி, அரை நோட்டு 108 என்பது அவரே தந்த குறி. முதல் பாரில் ஓர் எட்டாம் நோட்டு அளவுக்கு மௌனம், அதன் பிறகு மூன்று எட்டாம் நோட்டுகள். அதாவது உங்கள் அடி விழும் இடத்தில் யாரும் வாசிக்க மாட்டார்கள். அடி விழுந்து ஏறத்தாழ 140 மில்லிநொடி கழித்து எல்லாரும் ஒன்றாக நுழைய வேண்டும். பயத்தில் இரண்டு மூன்று வெற்று அடிகள் கொடுத்தால் யாராவது ஒருவர் முந்தி நுழைவார். ஒரே ஒரு தயாரிப்பு அடி, தெளிவான மீள்துள்ளல். அந்தத் துள்ளலின் வேகத்தில்தான் அவர்கள் மூன்று ஸ்வரங்களையும் அளப்பார்கள். துள்ளல் மந்தமானால் அந்த மூன்றும் டிரிப்லெட்டாக (ஒரு அடியை மூன்றாகச் சமமாகப் பிரித்ததுபோல்) கேட்கும். இரண்டாவது ஃபெர்மாட்டாவுக்கு (ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் குறி) முன் ஒரு பார் கூடுதலாக இருப்பதையும் கவனியுங்கள். முதல் ஃபெர்மாட்டா இரண்டாம் பாரில் இருக்கிறது. அடுத்தது நான்காம் பாரில் தொடங்கும் ஸ்வரம் நீண்டு ஐந்தாம் பாரில் வருகிறது. நான்காம் பாரை அடித்துக் காட்டாமல் விட்டால் ஐந்தாவதில் பாதிப் பேர் தொலைந்துபோவார்கள்.

ஐந்துகோடு:

ஸ்கோர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இருபது வரிகளையும் ஒரே நேரத்தில் படிக்க யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். வயலின்காரரின் கண் இயல்பாக முதல் வயலின் வரிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை உடைக்க, புதிய படைப்பை எப்போதும் பேஸ் வரியிலிருந்து தொடங்குங்கள். பேஸைப் பாடிக்கொண்டே ஹார்மனி எங்கே மாறுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். அடுத்து இரண்டாம் வயலினும் வயோலாவும். மெலடி கடைசியில். அது எப்படியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

டிரான்ஸ்போசிங் வாத்தியங்களுக்கு (எழுதிய ஸ்வரம் ஒன்று, ஒலிக்கும் ஸ்வரம் வேறு) ஒவ்வொரு ஸ்வரமாகக் கணக்குப் போட்டால் ஒத்திகையில் பிழை பிடிக்க முடியாது. க்ளெஃபை (எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று சொல்லும் தொடக்கக் குறி) மாற்றிப் படிக்கும் பழைய முறைதான் வேகமானது. பி-ஃபிளாட் கிளாரினெட்டை டெனர் க்ளெஃபாக நினைத்துப் படியுங்கள். ஏ கிளாரினெட்டுக்கு சோப்ரானோ க்ளெஃப், எஃப் ஹார்னுக்கு மெஸ்ஸோ-சோப்ரானோ க்ளெஃப், ஈ-ஃபிளாட் வாத்தியங்களுக்கு பேஸ் க்ளெஃப். ஸ்வரத்தின் பெயர் சரியாக வரும். எந்த ஆக்டேவ் என்பதையும் கீ சிக்னேச்சரையும் மட்டும் தனியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பிராம்ஸின் முதல் சிம்பொனியில் முதல் இரண்டு ஹார்ன்கள் சி-யிலும் அடுத்த இரண்டு ஈ-ஃபிளாட்டிலும் தொடங்குகின்றன. அந்தப் பக்கத்தை எடுத்து நான்கு ஹார்ன்களையும் பியானோவில் ஒன்றாக வாசித்துப் பாருங்கள். அது சரளமாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் வரும்.

பியானோ தெரியாது என்பது வயலினிலிருந்து வருபவர்களின் மிகப் பெரிய குறை. கச்சேரித் தரம் தேவையில்லை. ஒரு ஹைடன் குவார்ட்டெட்டின் நான்கு வரிகளை, ஆல்டோ க்ளெஃபோடு, மெதுவாகவேனும் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். பல நுழைவுத் தேர்வுகளில் இதைக் கேட்பார்கள். தினமும் அரை மணி நேரம், வேறு எதைக் குறைத்தாவது.

பழையமேடை:

"அன்று கண்டக்டர் வரவில்லை" கதைகளைப் பற்றி. அந்த நாளுக்கு முன்பும் பின்பும் நடந்தவற்றை அடுக்கினால்தான் வழி தெரியும்.

ஓராமோ ஃபின்னிஷ் ரேடியோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் கான்சர்ட்மாஸ்டர். 1993இல் நோயுற்ற கண்டக்டருக்குப் பதிலாக அதே ஆர்கெஸ்ட்ராவின் முன் நின்றார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே சிபேலியஸ் அகாடமியில் யோர்மா பனுலாவிடம் கண்டக்டிங் படிப்பை முடித்திருந்தார். பனுலாவின் வகுப்பில் மாணவர்கள் முன் எப்போதும் உயிருள்ள ஒரு குழு உட்கார்ந்திருக்கும். நடத்தியது முழுவதும் வீடியோவில் பதிவாகும். பிறகு அதை உட்கார்ந்து பார்ப்பார்கள். அதாவது அழைப்பு வந்தபோது அவர் கை பழகியிருந்தது. 1998இல் பர்மிங்ஹாம் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பொறுப்பேற்றார்.

வான் ஸ்வெடன் 1979இல் பதின்ம வயதிலேயே ஆம்ஸ்டர்டாமின் கன்செர்ட்கெபவ் ஆர்கெஸ்ட்ராவில் கான்சர்ட்மாஸ்டர் ஆனவர். அரங்கின் ஒலியைக் கீழிருந்து கேட்க விரும்பிய கண்டக்டர் பெர்ன்ஸ்டைன், பெர்லினில் ஓர் ஒத்திகையின்போது அவரை மாலரின் முதல் சிம்பொனியை நடத்தச் சொன்னதுதான் தொடக்கம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. அவர் கான்சர்ட்மாஸ்டர் நாற்காலியை விட்டது 1995இல். அதன் பிறகு நேரே பெரிய மேடைக்குப் போகவில்லை. நெதர்லாந்தின் கிழக்குப் பகுதி ஆர்கெஸ்ட்ரா ஒன்று, அடுத்து ஹேகின் ரெசிடென்டி ஆர்கெஸ்ட்ரா, அதன் பின் ரேடியோ ஃபில்ஹார்மோனிக். 2008இல் டாலஸ், 2012இல் ஹாங்காங், 2018இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக். நாற்காலியை விட்டதற்கும் நியூயார்க்குக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல்.

மாரினரின் வழி வேறு, உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அதுவே பதில். லண்டன் சிம்பொனியில் இரண்டாம் வயலின்களின் தலைவராக இருந்துகொண்டே அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸைத் தொடங்கினார். முதல் கச்சேரி 1959இல். கண்டக்டர் இல்லாத சரம்வாத்தியக் குழு, அவர் நாற்காலியிலிருந்தே நடத்தினார். பெரிய படைப்புகளை எடுக்கத் தொடங்கியபோது உட்கார்ந்து நடத்துவது போதவில்லை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஹேன்காக் என்ற ஊரில் பியேர் மோன்தோ நடத்திய வகுப்பில் சேர்ந்தார். மோன்தோ முன்பு வயோலா வாசித்தவர் என்பதால் சரம்வாத்தியக்காரரின் கை எங்கே தடுக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர். 1969இல் லாஸ் ஏஞ்சலஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா, 1979இல் மினசோட்டா. நாற்காலியிலிருந்து முழு அளவு ஆர்கெஸ்ட்ராவுக்கு இரண்டு பத்தாண்டுகள், படிப்படியாக.

வயதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஷார்ல் மூன்ஷைப் பார்க்க வேண்டும். லைப்ஸிக் கெவாண்ட்ஹாவுஸ் ஆர்கெஸ்ட்ராவில் கண்டக்டர் ஃபுர்ட்வெங்லர் முன்னால் கான்சர்ட்மாஸ்டராக உட்கார்ந்திருந்தவர். கண்டக்டராக பாரிஸில் அரங்கேறியது 1932இல், 41 வயதில். 1949 முதல் 1962 வரை பாஸ்டன் சிம்பொனி அவர் கையில். யூஜின் ஆர்மண்டியோ நியூயார்க்கில் மௌனப்படங்களுக்கு வாசித்த தியேட்டர் ஆர்கெஸ்ட்ராவின் வயலின் வரிசையிலிருந்து வந்தவர். ஒரே நிகழ்ச்சியை நாளுக்குப் பல முறை நடத்தியது அவருக்கு எந்தப் பள்ளியும் தர முடியாத பயிற்சி. 1931இல் கண்டக்டர் டோஸ்கானினிக்குப் பதிலாக ஃபிலடெல்ஃபியாவில் நின்றார். 1936 முதல் 1980 வரை அந்த ஆர்கெஸ்ட்ராவோடு இருந்தார்.

இவர்கள் எல்லாரிடமும் பொதுவாக இருப்பது மேடை நேரம். அது எங்கே கிடைக்கிறதோ அங்கே போனார்கள்.

நான்காம்தந்தி:

மூன்றாம் பீட் விஷயத்தை வீடியோவில் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. மிக்க நன்றி.

நாற்காலியிலிருந்து நடத்துவதைத் தொடங்க எந்தப் படைப்புகள் ஏற்றவை? அடுத்து, வில் குறிகளை (எங்கே கீழ்வில், எங்கே மேல்வில் என்பதை) கண்டக்டரே போட வேண்டுமா, கான்சர்ட்மாஸ்டரிடம் விட்டுவிட வேண்டுமா? வயலின் தெரிந்தவர் என்பதால் எல்லாரும் இவரிடமே கேட்பார்கள் என்று தோன்றுகிறது.

ஐந்துகோடு:

முதலில் சரங்கள் மட்டும்: எல்காரின் ஸெரனேட், டுவோர்ஷாக்கின் ஸெரனேட். பிறகு இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன் சேரும் மொட்சார்ட்டின் 29ஆம் சிம்பொனி. அடுத்து அவருடைய ஐந்தாம் வயலின் கான்செர்ட்டோ, கே. 219. ஆர்கெஸ்ட்ரா அலெக்ரோவில் தொடங்கும், சோலோ வயலின் அடாஜியோவில் நுழையும், மறுபடி அலெக்ரோ. கடைசிப் பகுதியில் 3/4 மினுவெட்டுக்கு நடுவே 2/4 அலெக்ரோ வருகிறது. வாசித்துக்கொண்டே இந்த மாற்றங்களைக் குழுவுக்குத் தெளிவாகக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் போனால் பின்வரிசைக்கு உங்கள் வில் தெரியாது, அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கெட்ட பழக்கம் ஒட்டாமல் இருக்க, அதே படைப்பை அதே வாரத்தில் வயலின் இல்லாமலும் ஒருமுறை நடத்த வேண்டும். கை தனியாக எவ்வளவு சொல்கிறது, உடல் எவ்வளவு சொன்னது என்பது உடனே தெரிந்துவிடும்.

அதன் பிறகு ஸ்ட்ராவின்ஸ்கியின் சிப்பாய்க் கதை. 1918இல் எழுதியது, ஏழே பேர்: வயலின், டபுள் பேஸ், கிளாரினெட், பஸ்ஸூன், கார்னெட், டிராம்போன், தாளவாத்தியம். தொடக்க அணிவகுப்பில் பேஸ் விடாமல் இரண்டிரண்டாக நடந்துகொண்டிருக்கும், மேலே பார் அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும். ஏழு பேரைக் கூட்டுவது சுலபம், அதில் தப்பிக்கவும் இடமில்லை.

மரக்காற்று:

வில் குறிகளைப் பற்றி: இங்கேதான் வயலினிலிருந்து வரும் கண்டக்டர்கள் ஆர்கெஸ்ட்ராவின் பொறுமையைச் சீக்கிரம் இழக்கிறார்கள்.

கணக்குப் பாருங்கள். 14-12-10-8-6 (முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, பேஸ்) என்ற சர அமைப்பில் 50 பேர், இருவருக்கு ஒன்றாக 25 ஸ்டாண்டுகள். ஒத்திகையில் "இங்கே மேல்வில்லாக மாற்றலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால், ஒவ்வொரு ஸ்டாண்டிலும் உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்திப் பென்சிலை எடுக்க வேண்டும். ஊதுபவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப் பத்து மாற்றம் என்றால், இடைவேளை போக இரண்டேகால் மணி நேரமே உள்ள ஒத்திகையில் ஒரு மூவ்மென்ட் ஓட்டும் நேரம் போய்விடும். குறிகளில் திட்டமான எண்ணம் இருந்தால், மூன்று வாரங்களுக்கு முன் ஐந்து சரப் பிரிவுகளுக்கும் ஒவ்வொரு மாஸ்டர் பார்ட்டில் குறித்து லைப்ரரியனிடம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கான்சர்ட்மாஸ்டரிடம் விட்டுவிட்டு, ஒத்திகையில் ஒலியை மட்டும் கேளுங்கள்: "இன்னும் குறுகலாக", "நுனியில் இருப்பதுபோல் லேசாக", "இந்த ஸ்வரத்தின் பின்பாதி குறையாமல்". எந்த வில்லில் அது வரும் என்பது அவர்கள் வேலை. கான்சர்ட்மாஸ்டரின் பிரிவின் முன் அவருடைய வில்லைத் திருத்துவது, சரியாகவே இருந்தாலும், செய்யக் கூடாத காரியம்.

அதற்கு நேர்மாறாக, ஊதுபவர்களிடம் பேச வேண்டியதை வயலினிலிருந்து வந்தவர்கள் பேசாமல் விடுகிறார்கள். நீண்ட வரியில் எங்கே மூச்சு எடுப்பது, இரண்டாம் கிளாரினெட் முதல் கிளாரினெட்டின் மூச்சை மறைத்துத் தொடர முடியுமா, மேஜர் கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) மூன்றாம் ஸ்வரத்தை யார் பிடித்திருக்கிறார், அவர் எவ்வளவு தாழ்த்த வேண்டும். இவற்றை ஸ்கோரில் முன்கூட்டியே குறித்துக்கொண்டு வாருங்கள். ஒத்திகை நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது அவர்களிடம் போகட்டும்.

நிறுத்தினால் சொல்லும் வரிசை: யார், எந்த இடம், என்ன. "வயோலாக்கள், சி எழுத்துக்கு நான்கு பார் முன், கிரெசெண்டோ இன்னும் தாமதமாக." (சி என்பது ஸ்கோரில் இடத்தைக் காட்டும் எழுத்து, கிரெசெண்டோ ஒலி படிப்படியாகப் பெருகுவது.) மூன்று நொடிக்குள் முடிய வேண்டும். பாரை எண்ணிச் சொல்லிவிட்டு அவர்கள் கண்டுபிடிக்கும் வரை பொறுங்கள். உடனே கையைத் தூக்கிவிட்டால் பாதிப் பேர் தவறான இடத்தில் தொடங்குவார்கள்.

பழையமேடை:

வயலினை விட்டுவிட வேண்டுமா என்று இன்னும் யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் போகிறார்கள். இரண்டும் நடக்கிறது. வான் ஸ்வெடன் மேடை வாசிப்பை விட்டுவிட்டார். பிங்கஸ் ஸுகர்மன் செயின்ட் பால் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவையும், பின்னர் ஒட்டாவாவின் நேஷனல் ஆர்ட்ஸ் சென்டர் ஆர்கெஸ்ட்ராவையும் நடத்திக்கொண்டே சோலோ வாசித்தார். மக்சிம் வெங்கெரோவ் தோள் காயத்தால் வாசிப்பு நின்ற காலத்தில் கண்டக்டிங் படித்தார், பிறகு வயலினுக்கும் திரும்பினார். முழுநேரமாக ஒரு ஆர்கெஸ்ட்ராவின் பொறுப்பை எடுத்தால் சோலோ தரத்தைக் காப்பது மிகக் கடினம், ஏனென்றால் வில் கையும் பேட்டன் கையும் ஒன்றுதான். ஒரே நாளில் ஐந்து மணி நேரம் ஒத்திகை நடத்திய தோளோடு மாலையில் ஸ்கேல் வாசிப்பது காயத்துக்கு வழி. வாசிக்கும் வாரம், நடத்தும் வாரம் என்று பிரித்துக்கொள்பவர்கள்தான் நீண்ட நாள் தாங்குகிறார்கள்.

வேலைக்கு வழி இரண்டு. போட்டிகள் ஒன்று: பெசான்சோன், கோபன்ஹேகனின் மால்கோ, பாம்பெர்க்கின் மாலர் போட்டி. 2004இல் பாம்பெர்க்கின் முதல் போட்டியை வென்ற குஸ்தாவோ துதாமெலும் வயலினிலிருந்து வந்தவர்தான். பல போட்டிகளில் 35 வயதையொட்டிய வரம்பு இருப்பதால், உங்கள் நிலையில் காலத்தைக் கணக்குப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். மற்றொன்று அசிஸ்டன்ட் கண்டக்டர் பதவி. எல்லா ஒத்திகைகளிலும் அரங்கின் நடுவில் ஸ்கோரோடு உட்கார்ந்து பேலன்ஸ் சொல்வது, இளைஞர் கச்சேரிகளை நடத்துவது, கண்டக்டர் வராவிட்டால் ஒத்திகை இல்லாமலே நிற்பது. "அன்று கண்டக்டர் வரவில்லை" என்பது உண்மையில் இந்தப் பதவியின் வேலை விவரத்தில் இருக்கும் ஒரு வரி.

இரண்டுக்கும் வீடியோ கேட்பார்கள். கேமரா ஆர்கெஸ்ட்ராவுக்குள், உட்விண்டுகளின் உயரத்தில், உங்கள் முகமும் இரண்டு கைகளும் இடுப்பு வரை தெரியும்படி. அரங்கிலிருந்து முதுகைக் காட்டும் பதிவால் பயன் இல்லை. வெட்டாமல் பத்து பதினைந்து நிமிடம். அதில் பாதி ஒத்திகையாக இருக்க வேண்டும், நிறுத்திச் சொல்லித் திருத்தியதும் அடுத்த முறை அது மாறியதும் அதில் தெரிய வேண்டும். ஒலிக்குத் தனி மைக் அரங்கில் வையுங்கள். கேமராவின் மைக் ஹார்ன்களுக்கு நடுவில் இருந்தால் உங்கள் சரங்கள் கேட்கவே கேட்காது. மெதுவான மூவ்மென்ட் ஒன்று, வேகமான ஒன்று. மெதுவானதை முதலில் வையுங்கள், ஏனென்றால் வேகமான பகுதியைத் தேர்ந்த ஆர்கெஸ்ட்ரா தானாகவே ஓட்டிவிடும் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும்.